பத்து மைல் சுற்று

செத்து மூன்று வருடமான மனிதர் காதுக்குள் வணக்கம் சொன்னால் யாருக்கும் கை ஒரு நொடி நின்றுதான் போகும். கேப்டன் ரெஜினா பர்னாந்துக்கும் நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி ஷிபானா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை, நல்ல பெண்.

"மேகலா ஏழு ஒன்று நான்கு, செங்கரடு அப்ரோச். வணக்கமுங்க கேப்டன்."

மேகலா என்பது அவள் கம்பெனி, ஏழு ஒன்று நான்கு அவள் விமானத்தின் எண், அப்ரோச் என்பது இறங்க வருகிறவர்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறை. வானொலியில் விமானிகள் பேச வேண்டியது ஆங்கிலம். வாசகருக்காகத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆனால் அந்த 'ங்க' என் கைச்சரக்கு இல்லை. செங்கரடு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த சென்னியப்பன், ஆங்கில வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்க' ஒட்டித்தான் அனுப்புவார். 'டிசெண்டுங்க', 'டர்ன் லெஃப்டுங்க'. மேலிடத்திலிருந்து இரண்டு முறை கண்டித்துக் கடிதம் வந்தது. 'நூத்தம்பது உசுரைத் தூக்கிட்டு வர்றவங்களுக்கு ஒரு ங்க போடக் கூடாதுங்களா' என்று பதில் போட்டாராம். மூன்றாவது கடிதம் வரவே இல்லை.

இப்போது அந்த நாற்காலியில் ஆள் கிடையாது. 'வழித்துணை' என்றொரு இயந்திரம் இருக்கிறது. எந்த விமானம் எந்த உயரத்தில் வர வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டு அதுவே பேசுகிறது. சென்னியப்பனின் பத்தொன்பது வருடப் பேச்சுப் பதிவுகளையும் அந்த நாட்களின் ரேடார் பதிவுகளையும் கொடுத்துப் பழக்கினார்கள். எந்தக் குரல் வேண்டும் என்று விமானிகளிடம் ஓட்டெடுப்பு நடத்தியபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர் குரலையே கேட்டார்கள். வளைகுடாத் தடத்தில் இரண்டரை வருடம் ஓட்டிக்கொண்டிருந்த ரெஜினாவும் அங்கிருந்தபடியே அதற்குத்தான் ஓட்டுப் போட்டாள். போட்டது நினைவிருந்தது. கேட்டது இன்றுதான்.

கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். தூத்துக்குடிக்காரி, லேசில் கலங்க மாட்டாள். கண்ணாடிக்கு வெளியே மேற்கு மலை பச்சையாகக் கிடந்தது. முப்பத்தொன்பது வயதில் முதல் முதலாகக் கேப்டனாக இதே மலையைத் தாண்டி வந்த நாளும், அன்று இதே குரல் சொன்ன இதே வணக்கமும் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு. அதற்குள் இதை ஒரு தடவை கேட்டுவிட்டோமே என்று இருந்தது.

ஆனால் அவள் பைக்குள் வேறொரு விஷயம் இருந்தது. ஒன்பது வாரத்துக்கு முன் இதே ஓடுபாதையில் கேப்டன் கபிலன் என்ற முப்பத்தொரு வயது விமானி, மழையில், வேகம் அடங்காத விமானத்தைத் தரையிறக்கி, பாதை முடிந்த பிறகும் நிற்காமல் சேற்றுக்குள் கொண்டுபோய்ப் புதைத்தான். உயிர்ச்சேதம் இல்லை. பதினோரு பேருக்குக் கை கால் முறிவு. விசாரணைக் குழுவில் ரெஜினா ஓர் உறுப்பினர், அன்றைய பேச்சுப் பதிவை எழுத்தில்தான் படித்திருந்தாள். அறிக்கை தயார், நாளைக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் கபிலன் இனி வாழ்நாளில் விமானம் ஓட்ட முடியாது.

அறிக்கையில் முக்கியமான வரி இதுதான்: செங்குத்தாக இறங்க முடியுமா என்று சென்னியப்பன் பத்தொன்பது வருடத்தில் பதினோராயிரத்து நானூறு முறை கேட்டிருக்கிறார். 'முடியாது' என்று ஒரு விமானிகூடச் சொன்னதில்லை. ஆகவே வழித்துணையும் அதையே கபிலனிடம் கேட்டது தவறில்லை, முடியும் என்று சொல்லிவிட்டுச் செய்யத் தெரியாதவன் மேல்தான் தவறு.

"ஏழு ஒன்று நான்கு, இருபத்திரண்டு மைல்ல இருக்கீங்க. பதினோராயிரத்துல இருந்து மூவாயிரம் அடிக்கு, ஆறாவது மைலுக்குள்ள இறங்க முடியுமுங்களா?"

செங்கரட்டில் எப்போதும் இந்தத் தொல்லைதான். மலையும், அதை ஒட்டி ராணுவத்தின் வான்வெளியும் இருப்பதால் மேற்கிலிருந்து வருகிறவர்களை உயரத்திலேயே பிடித்து வைத்திருப்பார்கள். மலை தாண்டியதும் பொத்தென்று கீழே கூப்பிடுவார்கள். ஆயிரம் அடி இறங்க மூன்று மைல் வேண்டும் என்பது விமானிகளின் பாலபாடம். எட்டாயிரம் அடிக்கு இருபத்து நாலு மைல். இருப்பதோ பதினாறு. மிச்ச எட்டு மைலை எந்தக் கடையில் போய் வாங்குவது?

"முடியும்," என்றாள் ரெஜினா. சொன்ன கையோடு அவள் கட்டைவிரல் தானாகவே மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விட்டது. பேச்சில்லாமல், வெறும் டிக், டிக்.

"அது என்ன மேடம்?" என்றாள் ஷிபானா.

"பழைய பழக்கம். பாத்துக்கிட்டே இரி. இப்ப இடது பக்கம் திரும்பச் சொல்லுவாரு."

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே அவள்தான். கேப்டனான முதல் மாதம், ஐப்பசி மழை, இதே மலை, இதே கேள்வி. முடியும் என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் 'முடியாது' என்றால் கம்பெனியில் விளக்கம் கேட்டுத் தாள் வரும். அதைவிட, அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆண் கேப்டன்கள் ராத்திரி ஓட்டலில் சிரிப்பார்கள். மாற்றிச் சொல்லலாம் என்று பொத்தானை அழுத்தினாள். வாய் வரவில்லை, விட்டாள். மறுபடி அழுத்தி மறுபடி விட்டாள். ஒரு நிமிடம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "முன்னாடி டிராஃபிக் இருக்குங்க கேப்டன். இடது பக்கமாத் திரும்பி ஒரு பத்து மைல் சுத்திட்டு வந்துருங்க." திரையைப் பார்த்தாள். முன்னால் ஒரு விமானமும் இல்லை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. முடியாதவர்கள் முடியும் என்று சொல்லிவிட்டு டிக் டிக் என்பார்கள். இல்லாத டிராஃபிக்கைக் காட்டி அவர் பத்து மைல் கொடுப்பார். யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. ரெஜினா அவரை நேரில் பார்த்ததே மூன்று முறைதான். மூன்று முறையும் கேண்டீனில் தேங்காய் பன்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

இருபது மைல். பதினெட்டு. இடது பக்கம் திரும்பச் சொல்லி ஒன்றும் வரவில்லை.

காற்றுத் தடுப்பை முழுசாகத் தூக்கினாள், விமானம் உதறியது. சக்கரங்களை முன்னதாகவே இறக்கினாள். பதினைந்து மைல். இன்னும் ஒருமுறை டிக், டிக். காதுக்குள் அமைதி. 

"ஆயிரம் அடி மேடம். வேகம் இன்னும் இருபத்தஞ்சு அதிகம்," என்றாள் ஷிபானா.

"வேண்டாம். மேல போயிருவோம்."

முப்பத்து மூன்று வருடத்தில் செங்கரட்டில் அவள் தரையிறங்காமல் மேலே போனது இதுதான் முதல் தடவை. "மூவாயிரத்துக்கு ஏறுங்க, நேராப் போங்க," என்றது குரல். அதில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. சுற்றி வந்து இரண்டாம் முறை இறங்கும்வரை ரெஜினா வேண்டாத ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் டிக் டிக்கைப் பற்றி ஷிபானாவிடம் சொல்லிவிடுவோம் என்று பயந்தாள். அந்த இயந்திரத்துக்குக் காது கேட்கவில்லை. கபிலனையும் அது இப்படித்தான் சுற்ற விடாமல் இறங்க வைத்திருக்கும்.

விசாரணைக் குழுவுக்கு விமான நிலைய மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வழித்துணையைச் செய்த கம்பெனியின் பொறியாளர் மைதிலி அங்கே இருந்தாள். நாற்பது வயது, நிதானமான பெண், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவள்.

"மைதிலி, பழைய பதிவை எல்லாம் அப்படியேவா மெஷினுக்குக் குடுத்தீங்க?"

"இல்ல மேடம், சுத்தம் பண்ணித்தான். கரகரப்பு, இடி, மைக் தட்டற சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டோம். பேச்சு மட்டும் போதும்ல?"

"மைக் தட்டற சத்தம்."

"கை தவறி அழுத்தறதுதானே மேடம் அது? ஆயிரக்கணக்குல இருந்துச்சு. எடுக்கவே ஒரு மாசம் ஆச்சு."

"பழைய பதிவு இருக்கா?"

"சுத்தம் பண்ணினது மட்டும்தான் இருக்கு. மூலத்தை விதிப்படி அழிச்சிட்டோம்." மைதிலி கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு மேடம், ரொம்ப நாளா யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். சென்னியப்பன் சார் நாலு விமானத்துல ஒண்ணைக் காரணமே இல்லாம பத்து மைல் சுத்த விட்டிருக்கார். டிராஃபிக்னு சொல்றார். ரேடார் பதிவைப் பாத்தா வானம் காலியா இருக்கு. கிட்டத்தட்ட மூவாயிரம் தடவை. அவ்வளவு நல்ல ஆளு ஏன் அப்படிச் செஞ்சார்?"

"நீங்க அதை என்ன செஞ்சீங்க?"

"வீண் சுத்துன்னு எடுத்துட்டோம். எரிபொருள் மிச்சம் ஆச்சுன்னு கம்பெனிக்கு விருதுகூடக் கிடைச்சுது."

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.  விமானிகள் வாயால் சொன்ன பொய்யை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, விரலால் சொன்ன உண்மையைத் துடைத்து எறிந்துவிட்டு, அதன் மேல் ஓர் இயந்திரத்தைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. பேசியது பதிவில் இருக்கும், பேசாததை யார் எழுதி வைப்பார்கள்?

இதைச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. பழைய கேப்டன்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் அவள் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ள வேண்டும், சென்னியப்பன் பெயரையும் சேர்த்து. சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் நாலு மாதத்தில் மாலையும் கேடயமுமாக வீட்டுக்குப் போகலாம். அவள் அன்று மாலை சென்னியப்பனின் வீட்டுக்குப் போனாள்.

வீடு ஓடுபாதையின் கிழக்குக் கோடிக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. அவர் மனைவி ருக்மணிக்கு அறுபத்தொரு வயது. கதவைத் திறந்தவர் சீருடையைப் பார்த்ததும் யாரென்று கேட்கக்கூட இல்லை.

"மேகலா ஏழு ஒண்ணு நாலுங்களா? ரெஜினா மேடம்தானுங்களே? மத்தியானம் எறங்காம மேல போனீங்க, கேட்டுட்டுத்தான் இருந்தேன். உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஒரு சின்ன ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. விமானிகள் பேசுவதைக் கேட்பதற்காக அவர் வாங்கி வைத்தது. 'வணக்கமுங்க கேப்டன்' என்றது அது, வேறு யாரிடமோ.

"காத்தால ஆறு மணிக்குப் போட்டா கடைசி பிளைட் எறங்கற வரைக்கும் ஓடுங்க," என்றார் ருக்மணி. "எப்பவும் அதே பத்து வார்த்தைதானுங்க. எறங்குங்க, திரும்புங்க, வணக்கம். இருந்தாலும் சோறு வடிக்கறப்ப பின்னாடி இருந்து கேட்டா ஆள் வீட்டுல இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

காபி வந்தது. ரெஜினா மெல்ல அந்த டிக் டிக் பற்றிக் கேட்டாள். அவர் வீட்டில் சொன்னதுண்டா என்று.

ருக்மணி சிரித்தார். "சொல்லாம இருப்பாருங்களா? சாப்பிட உக்காந்தா அதேதானுங்க பேச்சு. இன்னைக்கு ஒருத்தரு டிக்கு அடிச்சாங்க, ரெண்டு பேரு அடிச்சாங்கன்னு. உங்களைப் பத்தித்தான் நெறைய சொல்லுவாரு. ரெஜினா மேடத்துக்கு ரோசம் ஜாஸ்தி, முடியாத அன்னைக்கும் பாதி நாள் டிக்கு அடிக்க மாட்டாங்கன்னு."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாங்க. ஆனா முடியும்னு சொல்லறதுக்கு முன்னால மூச்சு ஒண்ணு இழுப்பீங்களாம். அந்த மூச்சு வந்துச்சுன்னா, டிக்கு வரலைன்னாலும் சுத்த உட்டுருவாராம். கேக்காதவங்களுக்குத்தான், ருக்கு, மொதல்ல குடுக்கோணும்பாரு."

ரெஜினா காபியைக் கீழே வைத்தாள். டிக் அடிக்காமல் அவள் இறக்கிய அந்தச் செங்குத்தான இறக்கங்கள்தான் அவள் இத்தனை வருடமும் மனசுக்குள் எண்ணி வைத்திருந்த பெருமை. நம்மால் முடிந்தது, நாமே செய்தோம் என்று. அதற்கிடையில் வந்த சுற்றுகளை உண்மையான டிராஃபிக் என்றே நம்பியிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை மறைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். கபிலனைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, நாளை தான் சொல்லப்போவதைப் பற்றி எல்லாம் சொன்னாள். "நான் சொன்னா அந்தக் குரலை எடுத்துருவாங்க. அவரு விதியை மீறினவருன்னு எழுதுவாங்க."

ருக்மணி எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார்.

"அந்தத் தம்பி சின்ன வயசுதானுங்களே? வேற வேலை பாத்துப் பொழச்சுக்க மாட்டாருங்களா?"

ருக்மணி கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க மேடம். பென்ஷன் வருது, மகன் வெளியூர்ல நல்லா இருக்கான். அது ஒண்ணுதானுங்க இருக்குது. பேசாம இருந்துருங்களேன். நான் கையெடுத்துக் கேக்கறனுங்க."

கையை எடுக்கவும் செய்தார். ரெஜினா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.  வாசல்வரை வந்த ருக்மணி, போய்விட்டு வாங்க என்று சொல்லாமலே கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு கூடியது. தலைவர் கோதண்டபாணி, விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். மேசைக்கு எதிரே கபிலன், கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்துப் போட முடியாது சார்," என்றாள் ரெஜினா. "இதுல ஒரு வரி பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்."

முழுசாகச் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. ஐப்பசி மழையிலிருந்து நேற்றைய டிக் டிக் வரை. அவர் இல்லாத டிராஃபிக்கைச் சொன்னதும், தான் இல்லாத திறமையைச் சொன்னதும். நடுவில் மைதிலி எழுந்து போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். மூவாயிரம் வீண் சுற்றுகளின் பட்டியலை அவள்தான் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கு ஆதாரம் கிடையாதே கேப்டன்," என்றார் கோதண்டபாணி.

"கிடையாது சார். வானம் காலியா இருந்தப்ப அவர் ஏன் சுத்த விட்டாருன்னு வேற யாராவது காரணம் சொன்னா, நான் சொன்னதை எடுத்துக்க வேண்டாம்."

கோதண்டபாணி அந்தப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கபிலன் மேலே போயிருக்கணும். நேத்து நான் போனேன். அது அவன் தப்பு, அதுக்குப் பயிற்சி குடுங்க. ஆனா அவனைக் கேட்ட கேள்வியே தப்பு. பதினோராயிரம் பேர் முடியும்னு சொன்ன இடத்துல, முதல் ஆளா முடியாதுன்னு சொல்ல முப்பத்தொரு வயசுல எனக்குத் தைரியம் இருந்திருக்காது. முப்பத்தொன்பதுலயே இல்ல."

இடைவேளையில் தாழ்வாரத்தில் கபிலன் அவளிடம் வந்தான். நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். மனுஷி மனம்.

"பத்தொன்பது வருஷமா நீங்க எல்லாரும் சொன்ன பொய்யை நம்பித்தான் மேடம் நான் இறங்கினேன்," என்றான். "பயிற்சி மையத்துல உங்க இறக்கத்தைப் போட்டுக் காட்டுவாங்க. அந்தச் சுத்தை மட்டும் வெட்டிட்டுக் காட்டியிருக்காங்கன்னு இன்னைக்குத்தான் புரியுது. ரெஜினா மேடம் மாதிரி இறக்கணும்னு சொல்லுவாங்க."

"தப்புதான்ப்பா," என்றாள்.

"பின்னாடி ஒரு கொழந்தை அழுதுட்டே இருந்துச்சு மேடம். அது இன்னும் காதுல கேக்குது."

அவன் போய்விட்டான். அவளுக்கு அது வேண்டியதுதான் என்று பட்டது, வலிக்கவும் செய்தது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. கபிலனுக்கு ஆறு மாதப் பயிற்சி, பிறகு உரிமம் திரும்பும். வழித்துணைக்குப் புதிதாகக் கணக்குச் சொல்லித் தர வேண்டும், அதுவரை எந்த இறக்கமானாலும் கூடுதல் மைலோடுதான் கேட்க வேண்டும். குரலும் மாறும். 'இந்தக் குரலைக் கேட்டால் மறுக்க யாருக்கும் மனம் வராது என்பதே ஓர் ஆபத்து' என்று கோதண்டபாணி தம் கைப்பட எழுதியிருந்தார். ஒன்றாம் தேதி காலையிலிருந்து அறிமுகமில்லாத ஒரு குரல். ரெஜினாவுக்கு மூன்று மாதம் முன்னதாகவே ஓய்வு, முப்பதாம் தேதியோடு. மாலை, கேடயம் எதுவும் கிடையாது.

முப்பதாம் தேதி பிற்பகல் அவளுக்கு விழுந்த கடைசித் தடம் செங்கரடு. கேட்டு வாங்கியது அல்ல, அப்படி அமைந்துவிட்டது. பக்கத்தில் ஷிபானாதான். மலை தாண்டியதும் குரல் வந்தது.

"வணக்கமுங்க கேப்டன். பதினோராயிரத்துல இருந்து மூவாயிரம் அடிக்கு, இருபது மைல்ல இறங்க முடியுமுங்களா?"

உத்தரவுக்குப் பிறகு பதினாறு மைல் இருபதாகியிருந்தது. இருபது மைல் என்றால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடியும். பின்காற்று மட்டும் இல்லாமல் இருந்தால். அவள் காற்றைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் முப்பது நாட் வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தாள். இழுத்ததை அவளே கவனித்தாள். பொத்தானை அழுத்தினாள், இந்த முறை விடவில்லை.

"முடியாது," என்றாள். "மேகலா ஏழு ஒன்று நான்கு, முடியாது."

ஒரு நொடி, இரண்டு நொடி. மூன்று நொடியாகியும் பதில் இல்லை. எதற்கும் அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாத இயந்திரம் அது. ஷிபானா திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கென்னங்க கேப்டன்," என்றது குரல். "இடது பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு மெல்ல வாங்க. அவசரமில்லீங்க."

டிராஃபிக் என்று பொய் சொல்லவில்லை. காரணமும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் அவளும் மற்றவர்களும் எந்தப் பதிலுக்குப் பயந்து விரலால் பேசினார்களோ, அந்தப் பதில் இவ்வளவுதான். ரெஜினா விமானத்தை இடது பக்கம் திருப்பினாள். கண் மறைத்தது. ஷிபானாவிடம் கட்டுப்பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டாள்.

தரையிறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கைப்பேசி அடித்தது. மைதிலி. "மேடம், 'அதுக்கென்னங்க'ன்னு ஒரு வார்த்தை பதிவுல எங்கயுமே கிடையாது. முடியாதுன்னு அவர்கிட்ட யாரும் சொன்னதில்லையே, அதனால அதுக்குப் பதிலும் கிடையாது. அவரா இருந்தா என்ன சொல்லியிருப்பார்னு அதுவா யோசிச்சுச் சொல்லியிருக்கு."

அதை வைத்த உடனே அடுத்த அழைப்பு. அன்றைக்குக் கதவைச் சாத்திய பிறகு ருக்மணி பேசியதே இல்லை. ரெஜினா திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தாள்.

"மேடம், கேட்டனுங்க," என்றார் ருக்மணி. பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. "அதுக்கென்னங்கன்னாருங்க. அது வீட்டுல பேசறதுங்க. கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு நான் சொன்னா, அதுக்கென்னம்பாரு. டூட்டில ஒரு நாளும் சொன்னதில்லீங்க. அதுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

"தெரியலை அக்கா."

"இத்தனை மாசமா அதே பத்து வார்த்தையைத்தானுங்க கேட்டுட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் புதுசா ஒண்ணு சொன்னாரு." ருக்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீங்க முடியாதுன்னு சொன்னதுனாலதானுங்க அது வந்துச்சு. வீட்டுக்கு வாங்க மேடம், சாப்பிட்டுப் போலாம். கடைசி பிளைட் எறங்க இன்னும் நேரமிருக்குதுங்க."

ரெஜினா பெட்டியைத் திருப்பிக்கொண்டு கிழக்குக் கோடியைப் பார்த்து நடந்தாள்.